தலைப்பு மாணவர் வாயிலிருந்தே வர வேண்டும்

சில படிப்புகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பெயரைச் சொன்னவுடன் சொந்தக்காரர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளை விசாரிக்கப் போய்விடுவார்கள். டாக்டர், இன்ஜினீயர், வக்கீல் எல்லாம் அந்த ரகம். நான் படித்தது அந்த ரகம் இல்லை. வணிகவியலையும் அதைச் சொல்லிக்கொடுக்கும் வித்தையையும் ஒன்றாகப் பிசைந்து நான்கு வருடத்தில் ஊட்டிவிடும் பி.காம்.-பி.எட். படிப்பு. கல்யாணப் பந்தியில் யாராவது கேட்டு, நான் அதை விளக்கி முடிப்பதற்குள் பாயசம் தாண்டிப் போய்விடும்.

"பி.காம்னா பேங்க்கா?" என்று கேட்டார் ஆறுமுகம் மாமா. அம்மாவின் தம்பி. மர்பி டவுனில் வீட்டு வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர்.

"பேங்க் இல்ல மாமா."

"ஆடிட்டரா?"

"அதுவும் இல்ல. வியாபாரத்தப் பத்திப் பசங்களுக்கு எப்படிச் சொல்லித் தரணும்னு எங்களுக்குச் சொல்லித் தருவாங்க."

மாமா விரல் விட்டு எண்ணினார். "அப்போ நீயும் வியாபாரம் பண்ண மாட்ட, அந்தப் பசங்களும் பண்ண மாட்டானுங்க. சொல்லிக்கினே இருப்பீங்க. நல்லா கீதுடா படிப்பு."

அவருக்கு என்னைத் தன் டெம்போவில் ஏற்றிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. பிள்ளையில்லாத மனிதர், கேன் தூக்க ஆளும் நிற்பதில்லை. நான் வாத்தியாராகாமல் திரும்பி வந்தால் மறுநாளே டெம்போவில் எனக்கு இடம் உண்டு என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். சொன்னது அன்பினால்தான். ஆனால் எனக்கு அது மிரட்டல் மாதிரியே கேட்கும்.

கடைசி வருடத்தில் அந்த மிரட்டலுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வழி கிடைத்தது. எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஒரு பள்ளியில் என்னை நேர்முகம் கண்டு, பிடித்துப்போய், ஜூனில் வந்து சேர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை, படிப்பை முடித்திருக்க வேண்டும். முடிக்க எனக்கு மிச்சம் இருந்ததும் ஒன்றே ஒன்றுதான். செய்முறைப் பாடம். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். நிஜமான மாணவர்களுக்கு நான் ஒரு பீரியட் பாடம் எடுக்க வேண்டும். அதில் தேறினால் பள்ளிக்கூடம், தவறினால் தண்ணீர் கேன்.

இந்த இடத்தில் எங்கள் படிப்பின் ஒரு விசித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். பி.எட். பாடத்தில் ஆசிரியர் உள்ளே நுழைந்து "இன்றைக்குப் பாடம் இன்சூரன்ஸ்" என்று போர்டில் எழுதிவிடக் கூடாது. அது பாவம். மாணவர்களுக்குத் தெரிந்த விஷயத்தில் ஆரம்பித்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு, கடைசிக் கேள்விக்கு அவர்கள் வாயிலிருந்தே அந்தச் சொல்லை வரவழைக்க வேண்டும். அவர்கள் "இன்சூரன்ஸ் சார்" என்றவுடன், ஏதோ அப்போதுதான் நமக்கும் ஞாபகம் வந்ததுபோல முகம் மலர்ந்து, "ஆம், அதைத்தான் இன்று படிக்கப் போகிறோம்" என்று எழுத வேண்டும். (எழுதும் சாக்பீஸைக் காலையிலேயே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்திருப்போம், அது வேறு.)

இன்னொரு விதி, மாணவன் தப்பாகச் சொன்னால் "தப்பு" என்று சொல்லக் கூடாது. இன்னொரு கேள்வி கேட்டு அவனைச் சரியான வழிக்கு அழைத்து வர வேண்டும். சரியாகச் சொன்னால் அந்த நொடியே பாராட்ட வேண்டும். "வெரி குட், சிட் டவுன், எல்லாரும் கை தட்டுங்க." இதை மட்டும் ஒரு வாரம் முழுக்க, ஒருவருக்கொருவர் மாணவராக நடித்துப் பயிற்சி எடுத்தோம். அந்த வாரம் பஸ்ஸில் சில்லறை சரியாகக் கொடுத்த கண்டக்டரைப் பார்த்து நான் "வெரி குட்" என்று சொல்லி, அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

சரி, மாணவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லாவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயம் எல்லாருக்கும் உண்டு. அதனால் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். முந்தைய வாரமே வகுப்பில் அதே கேள்விகளைக் கேட்டு, அதே பதில்களைச் சொல்ல வைத்துப் பழக்கிவிட்டேன். பியூசி முதல் வருடப் பிள்ளைகள், அதாவது பிளஸ் ஒன். முதல் பெஞ்ச் மஞ்சுநாத் என்ற கிளாஸ் லீடரும், அவனுக்குப் பக்கத்து வரிசை யாஸ்மினும் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னார்கள். கடைசிக் கேள்வியை நான் கேட்டு வாயை மூடுவதற்குள் "இன்சூரன்ஸ் சார்" என்று கூரை அதிரும். எனக்கு அப்போதே கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது.

என் பரீட்சைக்கு முந்தின நாள் நாகவேணிக்குப் பரீட்சை. என்னோடு படித்தவள், தாவணகெரேக்காரி. அவளும் தன் வகுப்பைப் பழக்கி வைத்திருந்தாள். ஆனால் அவள் பிள்ளைகள் ஆர்வக் கோளாறு. அவள் முதல் கேள்வியைக் கேட்டதுமே கடைசிப் பதிலைச் சொல்லிவிட்டார்கள். தேர்வாளர் மேடம் எழுந்து, "இவங்க அடுத்து என்ன கேப்பாங்க?" என்று வகுப்பைக் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் நாகவேணியின் எல்லாக் கேள்விகளையும் வரிசையாக, அவள் குரலிலேயே ஒப்பித்திருக்கிறார்கள். மறுபடி பாடம் எடுக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார் மேடம்.

"பழக்கறது தப்பில்ல குரு, பழக்கினது தெரியறதுதான் தப்பு" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள் நாகவேணி. (அவள் ஊரில் சிநேகிதனைக் கூப்பிடுவது 'குரு' என்றுதான்.)

மதிய இடைவேளையில் ஓடிப்போய் என் வகுப்பைக் கூட்டினேன். நான் செய்த பிரசங்கம் இப்போதும் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "நாளைக்கு யாரும் உடனே பதில் சொல்லக் கூடாது. யோசிக்கிற மாதிரி இருக்கணும். தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாது. முக்கியமா அந்தக் கடைசி வார்த்தைய யாராவது முந்திரிக்கொட்டை மாதிரி சொன்னீங்க, என் வாழ்க்கையே போச்சு. புரிஞ்சுதா?"

நாற்பது தலைகள் ஆடின. சில கண்களில் நீர்கூட நின்றது. என் வாழ்க்கை என்று நான் சொன்ன விதம் அப்படி.

மறுநாள் காலை அம்மா எனக்குத் திருநீறு பூசினாள். மாமா டெம்போவில் கூட்டிவந்து தெருமுனையில் இறக்கிவிட்டார். "போயிட்டு வா. பாஸானா ஸ்வீட்டு, பெயிலானா கேனு" என்று வாழ்த்தினார். முழுக்கைச் சட்டை, இஸ்திரி போட்ட பேண்ட், கக்கத்தில் சுருட்டிய சார்ட் என்று ராஜா மாதிரி உள்ளே போனேன்.

அந்த சார்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீப்பிடித்து எரியும் ஒரு கடை. அதற்கு மேலே சிவப்பில், கடைசி பெஞ்சுக்குத் தெரியும் அளவில் 'இன்சூரன்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். எழுத்து தெரியாதபடி மேல்பகுதியை மடித்து கிளிப் போட்டிருந்தேன். மாணவர்கள் சொன்ன பிறகு கிளிப்பை எடுத்தால் தலைப்பு நிமிர்ந்து தெரியும் என்பது ஏற்பாடு. இதை யோசித்துக் கண்டுபிடித்த இரவு என்னையே நான் மெச்சிக்கொண்டேன்.

தேர்வாளர் மேடம் கஞ்சி போட்ட காட்டன் புடவை, மடியில் ஒரு பிளாஸ்க். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வெந்நீரை ஊற்றிக் குடித்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. நான் சார்ட்டைப் போர்டில் மாட்டிவிட்டு, வணக்கம் சொல்லி ஆரம்பித்தேன். (ஆங்கிலமும் கன்னடமுமாக நடந்ததை உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.)

"உங்க தெருவுல என்னென்ன கடை இருக்கு?"

மஞ்சுநாத் மோவாயில் கை வைத்துக் கூரையைப் பார்த்தான். யாஸ்மின் கண்களை மூடித் தன் தெருவை மனதில் நடந்து பார்த்தாள். நாற்பது பேரும் அப்படியே யோசித்தார்கள். தெருவில் கடை இருக்கிறதா என்பதையே இவ்வளவு யோசித்த வகுப்பை நான் இன்றுவரை பார்த்ததில்லை. கடைசியில் ஒருவன் மெல்ல எழுந்து, "மளிகைக் கடை இருக்கலாம் சார்" என்றான்.

"வெரி குட், சிட் டவுன். அந்த மளிகைக் கடை ஒரு நாள் தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சு. கடைக்காரருக்கு என்ன ஆகும்?"

பழக்கிய பதில் நஷ்டம். யாஸ்மின் எழுந்தாள். ரொம்ப யோசித்தாள். "வருத்தம் சார்."

"வருத்தம்தான். வருத்தம் ஏன் வந்துச்சு?"

"கடை எரிஞ்சதால சார்."

மேடம் ஏதோ எழுதினார். பிள்ளைகள் என் சொல்லைக் காப்பாற்றுகிறார்கள், கொஞ்சம் கூடுதலாகக் காப்பாற்றுகிறார்கள், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, எரிஞ்ச சாமானுக்கெல்லாம் பதில் பணம் யார் தருவாங்க?"

"மாமனார் சார்" என்றான் மஞ்சுநாத்.

"மாமனார் இல்லாதவங்களுக்கு?"

"மச்சான் சார்."

தப்பு என்று சொல்லக் கூடாதே. "உறவுக்காரங்களும் உதவலாம், நல்ல பதில். ஆனா கடை எரியறதுக்கு முன்னாடியே அவர் ஏதாவது ஏற்பாடு செஞ்சிருந்தா? என்ன செஞ்சிருக்கணும்?"

"எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருக்கணும் சார்."

"மணல் பக்கெட் வெச்சிருக்கணும் சார்."

"ஐஸ்கிரீம் கடை வெச்சிருக்கணும் சார்."

"தண்ணி கேன் கடை வெச்சிருந்தா எரியவே எரியாது சார்" என்றான் மூன்றாம் பெஞ்சில் ஒருவன். எனக்கு மாமாவின் டெம்போ ஹாரன் காதுக்குள் கேட்டது.

அந்த நேரத்திலாவது வாயைத் திறந்து "இன்சூரன்ஸ்" என்று நானே சொல்லியிருக்கலாம். அறிமுகத்துக்கு உள்ள மதிப்பெண் போயிருக்கும், பாடம் பிழைத்திருக்கும். ஆனால் நான்கு வருடம் என் மண்டையில் ஆணி அடித்து இறக்கிய விதி விடவில்லை. பல்லைப் பிடுங்குகிறவன் மாதிரி அந்தச் சொல்லை அவர்கள் வாயிலிருந்தே பிடுங்கப் பார்த்தேன்.

"மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா பணம் கட்டிட்டு வந்தா, அது..."

"சீட்டு சார்."

"சீட்டு இல்ல, அதாவது, சீட்டும் நல்லதுதான். வேற? உங்க அப்பா பைக் ஓட்டறார். நிறுத்திக் கேட்டா என்னென்ன காட்டணும்?"

"லைசென்ஸ் சார்."

"ஆர்.சி. சார்."

"புகை சர்டிபிகேட் சார்."

"வெரி குட், வெரி குட். இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்கே?" என்றேன். குரல் கெஞ்சியது.

வகுப்பு முழுக்க யோசித்தது. "ஹெல்மெட் சார்" என்றாள் யாஸ்மின்.

நான் ஆதரவுக்குப் போர்டின் மேல் சாய்ந்தேன். சாய்ந்த தோள் கிளிப்பில் பட்டது. கிளிப் தெறித்து சார்ட்டின் மேல்பகுதி நிமிர்ந்து, எரிகிற கடைக்கு மேலே அந்தச் சொல் ரத்தச் சிவப்பில், முழுசாகத் தெரிந்தது. ஒரு நிமிடம் எனக்கு உயிர் வந்தது. கடவுளாகப் பார்த்துத் திறந்துவிட்டார் என்று நினைத்து, சார்ட்டைக் குச்சியால் தட்டினேன்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

நாற்பது பேரும் பார்த்தார்கள். பார்த்த வேகத்தில் சிலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சிலர் காலணியைப் பார்த்தார்கள்.

"கொத்தில்லா சார்" என்றான் மஞ்சுநாத். தெரியாதாம். பியூசி படிக்கிறவன், கிளாஸ் லீடர், எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதாம்.

"எழுத்துக் கூட்டிப் படிப்பா."

"டிசைன் மாதிரி இருக்கு சார்."

பின்னால் பிளாஸ்க் டங்கென்று டெஸ்க்கில் இறங்கியது. "இன்சூரன்ஸ்" என்றார் மேடம். "இன்சூரன்ஸ், இன்சூரன்ஸ், இன்சூரன்ஸ். போதுமா?"

இங்கேதான் நான் வாழ்க்கையில் மறக்க நினைக்கிற, மற்றவர்கள் மறக்க விடாத காரியத்தைச் செய்தேன். பீரியட் முழுக்க ஏங்கிய சொல் காதில் விழுந்ததும், யார் சொன்னது என்று மூளை பார்க்கவில்லை. ஒரு வாரப் பயிற்சி தானாக வேலை செய்தது. கடைசி பெஞ்சை நோக்கிக் கையை நீட்டி, முகம் மலர்ந்து, "வெரி குட், சிட் டவுன். எல்லாரும் கை தட்டுங்க" என்றேன்.

வகுப்பு எழுந்து நின்று கை தட்டியது. அவர்களுக்கும் அன்று வேறு வாய்ப்பு வரவில்லை, பாவம், வஞ்சனையில்லாமல் தட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் மணி அடித்துவிட்டது.

மேடம் பிளாஸ்க்கை மூடிக்கொண்டு என்னிடம் வந்தார். "பாடம் எப்ப ஆரம்பிக்கும்னு காத்துட்டிருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தாங்கியிருப்பேன். "ஆரம்பிக்காத பாடத்துக்கு நான் எப்படிப்பா மார்க் போடறது? அடுத்த பேட்ச்சோட மறுபடி வாங்க."

கேட் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்தேன். ஜூன், பள்ளிக்கூடம், அம்மாவின் திருநீறு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. அந்த நேரம் பார்த்து மஞ்சுநாத்தும் யாஸ்மினும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். பின்னால் பாதி வகுப்பு.

"சார், பாஸ்தானே சார்?" என்றான் மஞ்சுநாத். முகமெல்லாம் பெருமை. "ஒருத்தன்கூட அந்த வார்த்தைய விடலை சார். சார்ட் விரிஞ்சப்போ இந்த சுனில் வாயத் திறந்துட்டான். நான்தான் கால மிதிச்சேன்."

"அந்த மேடம் எவ்ளோ நேரம் பாத்தாங்க" என்றாள் யாஸ்மின். "பழக்கின மாதிரி கொஞ்சமாச்சும் தெரிஞ்சுதா சார்?"

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். நாற்பது பேர் சேர்ந்து, பேசி வைத்து, காலை மிதித்து, என் வாழ்க்கையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். காப்பாற்றச் சொன்னதும் நான்தான். இதில் யாரைத் திட்டுவது?

"தெரியவே இல்ல" என்றேன். "வெரி குட்."

எலெக்ட்ரானிக் சிட்டிப் பள்ளி வேறு ஒருவரை எடுத்துக்கொண்டது. "வேலதான போச்சு, போனா போவுது" என்று அம்மா சொல்லிவிட்டுச் சமையல்கட்டில் ரொம்ப நேரம் பாத்திரம் தேய்த்தாள். மாமா மட்டும் நடந்ததை முழுசாகச் சொல்லச் சொல்லி இரண்டு முறை கேட்டார். கைதட்டல் கட்டம் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சொன்னபடி மறுநாளே டெம்போவில் ஏற்றிக்கொண்டார்.

அந்த மாதங்களில் மர்பி டவுனில் நான் ஏறாத மாடி இல்லை. தோளில் கேனோடு ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால், கீழேயிருந்து தெரு முழுக்கக் கேட்கும்படி மாமா குரல் வரும்.

"டேய் தினா, தண்ணி வேணுமான்னு நீ கேக்காத. அவங்க வாயிலேர்ந்தே வரட்டும்."

அடுத்த பேட்ச் வந்தது. நானும் நாகவேணியும் சேர்ந்தே மறுபடி பாடம் எடுக்கப் போனோம். தோல்வியில் சிநேகம் முற்றியிருந்தது. இந்த முறை வகுப்பைப் பழக்கவில்லை. பழக்கக் கூடாது என்ற ஞானம் இல்லை, தைரியம் இல்லை, அவ்வளவுதான். புது வகுப்பு, புதுப் பிள்ளைகள், ஒரு முகமும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் கடைசி பெஞ்சில் அதே கஞ்சிப் புடவை, அதே பிளாஸ்க்.

வணக்கம் சொன்னேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதல் கேள்வி வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. பிறகு மேடம் நிதானமாக எழுந்து நின்றார்.

"இன்சூரன்ஸ் சார்" என்றார். "சொல்லிட்டேன். இப்ப ஆரம்பிங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்ததும் நாக்கு பிரிந்துகொண்டது. போர்டில் அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதினேன். தண்ணீர் கேன் டெம்போ ஒன்று கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று ஆரம்பித்தேன், மணி அடிக்கும்வரை நிறுத்தவில்லை. அந்த டெம்போவைப் பற்றி எனக்கு அப்போது நிறையவே தெரிந்திருந்தது.

இப்போது நான் ஒரு கல்லூரியில் பியூசி பிள்ளைகளுக்கு வணிகவியல் சொல்லித்தருகிறேன். உள்ளே நுழைந்தவுடன் தலைப்பைப் போர்டில் எழுதிவிடுவேன், பேச்சே இல்லை. நாகவேணி வேறொரு கல்லூரியில். நாங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டோம், போன வருடம் ஒரு பெண் பிறந்தாள்.

பெயர் வைக்கிற அன்று தாவணகெரேச் சொந்தமும் மர்பி டவுன் சொந்தமும் ஹாலில் கலந்து உட்கார்ந்திருந்தன. குழந்தையின் காதில் அதன் பெயரை அப்பாதான் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் குனிந்தேன். இரண்டு வீட்டாரும் மூச்சுக்கூட விடாமல் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாயைத் திறந்தேன்.

"டேய், டேய், நிறுத்துடா" என்று பின் வரிசையிலிருந்து மாமா எழுந்தார். "நீ சொல்லக் கூடாது. குழந்தை வாயிலேர்ந்தே வரட்டும்."

சிரிப்பில் அரண்டு குழந்தை வீறிட்டு அழுதது. நாகவேணி அதை வாரி எடுத்து மடியில் உட்கார வைத்து, "வெரி குட், சிட் டவுன்" என்றாள். மொத்த ஹாலும் கை தட்டியது.